வளைவு வாளில் ஒரு நேர்கோடு

மைசூர் மண்டி மொகல்லாவில் மரத்தில் மரம் பதிக்கும் இன்லே பட்டறையைத் தேடிப் போகிறவர்களுக்குக் காதுதான் வழிகாட்டி. சந்துக்குள் நாலைந்து வீடு தாண்டியதும் தையல் மிஷின் ஓடுவதுபோல ஒரு தொடர் சத்தம் கேட்கும். உள்ளே கால் வைத்தால் தரையெல்லாம் சிவப்பும் கருப்பும் கலந்த மரத்தூள். ஈட்டி மரத்தின் இனிய வாசனை சட்டையில் ஏறிக்கொண்டு மாலை வரை கூடவே வருகிறது.

நான் போன காலையில் அங்கே மூன்று பேர் வேலையில் இருந்தார்கள். அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மிஷினில். அவருடைய மருமகன் உளியும் கொட்டாப்புளியுமாகத் தரையில். வேலை பழக வந்து ஓராண்டு ஆகாத பையன் ஜன்னலோரத்தில் உப்புத்தாளோடு. பெரியவருக்கு வீட்டில் உருது, தெருவில் கன்னடம். தாய்வழி உறவெல்லாம் வாணியம்பாடிப் பக்கம் என்பதால் தமிழும் சரளமாக வருகிறது.

மேசையில் இரண்டடி அகல ஈட்டிப் பலகை கிடந்தது. அதில் மைசூர் அரண்மனையின் முகப்பு பாதி எழுந்திருந்தது. தசரா யானையும் பாகனும் மரங்களும் பதித்து முடிந்துவிட்டன. பாக்கி இருந்தவை தூண்கள். ஒவ்வொன்றும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் குட்டை, 3 மில்லிமீட்டர் அகலம், அதே அளவு கனம். மொத்தம் 12.

“யானையை அறுத்துடலாம் சார். காது கொஞ்சம் பெருசாப் போனா அது வேற யானை, அவ்வளவுதான். தூண் கோணினா அரண்மனையே சாஞ்சுடும்” என்றார் பெரியவர்.

இன்லே வேலையின் அடிப்படை எளிது. செய்து முடிப்பதுதான் கடினம். படத்தைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அதற்கேற்ற நிறமுள்ள மரத்தில் தனித்தனியாக அறுக்கிறார்கள். மஞ்சளுக்குப் பலா, கருப்புக்குக் கருங்காலி, இடைப்பட்ட பழுப்புக்குத் தேக்கு. சாயம் பூசுவதில்லை; மரத்தின் சொந்த நிறமே வண்ணம். அறுத்த துண்டை ஈட்டிப் பலகைமேல் வைத்து, கூரான முனையால் ஓரத்தைச் சுற்றிக் கோடிழுத்து, அந்த அளவுக்குப் பள்ளம் தோண்டிப் பசை வைத்துப் பதிக்கிறார்கள். பிறகு தேய்ப்பு; கண், மடிப்பு போன்ற நுணுக்கங்களுக்குக் கீறல்; கடைசியில் பாலிஷ். துண்டும் பள்ளமும் ஒன்றையொன்று கவ்வவேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் அங்கே பசைதான் தெரியும்.

இந்த வேலைக்கு அரண்மனையே பெரிய சாட்சி. பழைய மர அரண்மனை 1897-இல் தீக்கிரையானபின், ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912-இல் முடிந்த இன்றைய கட்டிடத்தில், ஈட்டி மரத்தில் தந்தம் பதித்த கதவுகளை இப்போதும் பார்க்கலாம். 1986-இல் இந்திய யானைத் தந்த வியாபாரமும், 1991-இல் இறக்குமதித் தந்த வியாபாரமும் சட்டப்படி நின்றன. அதன்பின் வெள்ளை நிறத்துக்குத் தந்தத்தை நம்பமுடியாத காலம் வந்தது. 2005-இல் மைசூர் ஈட்டி மர இன்லேக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஈட்டி மரமும் தாராளமாகக் கிடைப்பதில்லை. 2017-இல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது.  பட்டறைக்காரர்கள் நகத்தளவுத் துண்டைக்கூட டப்பாவில் போட்டு வைப்பதன் காரணம் இதுதான்.

தூண்களை நேராக அறுக்க வட்டரம்பம் இருக்கிறதே, ஏன் மிஷினில் மாட்டிய இந்த மெல்லிய வாளோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டேன். பெரியவர் ஒரு கிழிசல் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டரம்பத்தின் பல் போகிற வழி கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் தூண் ஒன்றை எடுக்க இன்னொரு தூணைத் தூளாக்கவேண்டும். போதாததற்கு, சின்னத் துண்டை வட்டரம்பத்தில் கொடுத்தால் பல் அதைக் கவ்வித் தூக்கி எறியும். பிடித்த விரலையும் உள்ளே இழுக்கும். இரண்டு விரலால் பிடிக்கிற அளவு மரத்துக்கு இந்த வாளே பாதுகாப்பு.

இந்த வாளை ஆங்கிலத்தில் ஸ்க்ரோல் சா என்பார்கள். பட்டறையில் ‘ஃப்ரெட் மிஷின்’. மேலும் கீழுமாக இரண்டு கைகள், நடுவில் 5 அங்குல நீளத்தில் நூல்போல ஒரு பிளேடு. அகலம் ஒரு மில்லிமீட்டருக்குள், கனம் அதில் பாதிகூட இல்லை. ஒல்லியாக இருப்பதால்தான் யானையின் தும்பிக்கை நுனியில்கூட அது நின்ற இடத்திலேயே திரும்புகிறது. வளைவில் கைகொடுக்கும் அதே ஒல்லி உடம்பு நேர்கோட்டில் கைவிடுகிறது. அகல ரம்பத்தின் தகடு தான் அறுத்த பாதையிலேயே உரசி வழி தவறாமல் போகும். இதற்கு உரசிப்போக உடம்பு இல்லை.

இன்னொரு குணமும் உண்டு. இந்த பிளேடுகளைத் தயாரிக்கையில் பல் வெட்டும்போது ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு தங்கிவிடுகிறது. பிசிறுள்ள பக்கம் கூர்மை அதிகம். அந்தப் பக்கமே மரத்தை அதிகமாகத் தின்னும். நேராகத் தள்ளினாலும் பிளேடு அங்கே ஒதுங்கும்.

பெரியவர் எனக்கு ஒரு கழிவுத் துண்டைக் கொடுத்தார். பென்சிலில் கோடு போட்டு, மேசைக்கு நேராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். இரண்டு அங்குலம் போவதற்குள் அறுப்பு கோட்டைவிட்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தது. கையால் கோட்டுக்குத் திருப்ப முயன்றபோது பிளேடு நெளிந்தது. துண்டின் மேற்பக்கம் கோட்டில் நின்றது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வேறு இடத்தில். அந்தக் கனத்துக்குள்ளேயே ஒரு வளைவு.

“அதோட சண்டை போடாதீங்க. அது எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல கேளுங்க” என்றார். அப்படிக் ‘கேட்பதற்கு’ அவருக்கு ஒரு முறை இருக்கிறது. அதைப் பையனைக் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொன்னார்.

பையன் நேரான ஓரமுள்ள ஒரு பட்டையை எடுத்து, அந்த ஓரத்துக்கு இணையாகக் கோடு கிழித்தான். முதலில் பிளேடைச் சுண்டிப் பார்த்தான். தொய்வாக இருந்தால் மந்தமான ஓசை; இறுகியிருந்தால் மீட்டிய தந்திபோலத் தெளிவாக ஒலிக்கும். திருகை இன்னும் அரைச் சுற்று இறுக்கினான். பிறகு தாங்கல் எதுவும் இல்லாமல், கோட்டைவிட்டு விலகாதபடி மரத்தைச் சாய்த்துச் சாய்த்து அறுத்தான். பாதித் தூரம் போனதும் மிஷினை நிறுத்தினான். பட்டை மேசைக்கு நேராக இல்லை. நாலைந்து டிகிரி சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வுதான் இந்த பிளேடின் இயல்பு. பட்டையை அசையாமல் பிடித்து, அதன் ஓரத்தை ஒட்டி மேசைமேல் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஒரு மரச்சட்டத்தை கிளாம்ப் போட்டு இறுக்கினான். இனி அந்தச் சட்டத்தை ஒட்டித் தள்ளினால் போதும். பார்க்கிறவருக்குச் சட்டம் கோணலாக இருக்கிறது. அதை ஒட்டிவரும் அறுப்பு நேராக இருக்கிறது. பிளேடு மாற்றினால் கோணமும் மாறும். மறுபடியும் முதலிலிருந்து கேட்கவேண்டும்.

மேசை சம அளவில் இருக்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை. ஒரு தடித்த துண்டில் பிளேடை மேலாகக் கொஞ்சம் மட்டும் பதித்துக் கீற்று போடுகிறார்கள். பிறகு துண்டைத் தலைமாற்றி, பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுவந்து அந்தக் கீற்றைப் பொருத்துகிறார்கள். பிளேடு தடங்கலின்றி உள்ளே அமர்ந்தால் மேசை செங்கோணத்தில் இருக்கிறது. மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட இது துல்லியம் என்கிறார் பெரியவர்.

அடுத்தது சின்னத் துண்டைப் பிடிக்கிற பாடு. மிஷின் மேசையில் பிளேடு இறங்கும் துளை, தூண் துண்டைவிடப் பெரியது. துண்டு உள்ளே விழுந்துவிடும். காலாவதியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றில் பிளேடு மட்டும் நுழையுமளவு ஓட்டை போட்டு, அந்தத் துளைமேல் ஒட்டியிருக்கிறார்கள். அறுக்கவேண்டிய பலாத் துண்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒரு கழிவுப் பலகைமேல் ஒட்டி, பலகையோடு சேர்த்து அறுக்கிறார்கள். கை பெரிய பலகையைப் பிடிக்கும்; விரல் பல்லிலிருந்து தள்ளியே இருக்கும். அடிப்பக்கமும் பிசிறடிக்காது. பல் கீழ்நோக்கி இறங்கும்போது அறுக்கிறது. மேலே ஏறும்போது மரத்தையும் தூக்கப் பார்க்கிறது. அதைப் பென்சிலின் ரப்பர் முனையால் அழுத்திப் பிடிக்கிறார் பெரியவர்.

அவருடைய கண் பிளேடின்மேல் இல்லை, அதற்கு அரிசி நீளம் முன்னால் கோட்டின்மேல் இருக்கிறது. கை வேகம் காட்டுவதில்லை. பிளேடு தின்னும் அளவுக்குத்தான் மரத்தை ஊட்டுகிறது. ஒரு தூணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கான ஏற்பாட்டுக்குக் காலைப்பொழுதில் பாதி போயிருந்தது. வாங்குகிறவர் யானையைப் பார்த்து வியப்பார், வானத்தின் நிறத்தைப் பாராட்டுவார். தூண் நேராக நிற்பது அவர் கண்ணில் படுவதே இல்லை. அந்த நேரத்துக்கு விலைப்பட்டியலில் தனி வரியும் இல்லை. அந்த ஏற்பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில், இது நியாயமாக எனக்குப் படவில்லை.

லேசர் மிஷின் இதைச் சில நொடிகளில் செய்துவிடும் என்று மருமகனே சொன்னார். அவர் லேசரில் வெட்டிய துண்டு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். ஓரம் நூல் பிடித்ததுபோல நேர். ஆனால் பலாவின் மஞ்சளைச் சுற்றிக் கருகிய பழுப்புக் கோடு. தேய்த்து எடுத்தால் அளவு குறையும். விட்டுவைத்தால் ஒவ்வொரு தூணுக்கும் மையிட்டதுபோலத் தெரியும்.

பட்டறையின் ஒரு குறை மனதை உறுத்தியது. மூன்று பேரும் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டைதான். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. ஈட்டித் தூள் தோலிலும் அரிப்பைக் கிளப்பக்கூடியது. தூசி உறிஞ்சும் கருவியும் நல்ல முகமூடியும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. இத்தனை நுணுக்கமான கண்ணும் கையும் உள்ளவர்களின் நெஞ்சையும் காப்பாற்றியாக வேண்டும்.

மதியத் தொழுகைக்கு எழுவதற்கு முன் பெரியவர் ஐந்து தூண்களை முடித்திருந்தார். எதையும் கோட்டோடு சரியாக அறுக்கவில்லை. மயிரளவு விட்டே அறுத்தார். அந்த மிச்சத்தைப் பையன் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில், ஒரு சதுரக் கட்டையை அணைகொடுத்து, இரண்டே இழுப்பில் எடுத்தான். மருமகன் முதல் தூணைப் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மெல்லிய ‘டிக்’ என்ற சத்தத்தோடு உள்ளே போனது.

பையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நகத்தை ஈட்டியிலிருந்து பலாவுக்கும் பலாவிலிருந்து ஈட்டிக்குமாக மெதுவாக ஓட்டினான். எங்கும் தட்டவில்லை. பெரியவரை நிமிர்ந்து பார்த்தான். அவர் தலையசைத்துவிட்டு, மிஷினை நோக்கிக் கை காட்டினார். ஆறாவது தூணை அறுக்க, அந்தக் கோணல் சட்டத்தின் முன் முதன்முறையாகப் பையன் உட்கார்ந்தான்.