கண்ணாடிக்குள் இரும்பு

நோவி போர் ஊரிலிருந்து கமெனிட்ஸ்கி ஷெனோவுக்குப் போகும் பேருந்து வழியில் பான்ஸ்கா ஸ்காலா பாறையைக் கடக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகி, 12 மீட்டர் உயரம் வரை தூண் தூணாக நிற்கும் கருங்கல். சுற்றுலா வந்தவர்கள் அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். செக் நாட்டின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஷெனோவ் என்ற சிற்றூருக்கு நான் வந்தது பழைய சரவிளக்குகளைப் பார்க்க.

இங்கே கண்ணாடித் தொழிலை வளர்த்தது காடு. உலைக்கு விறகு தந்தது. மரச் சாம்பலிலிருந்து பொட்டாஷும் கிடைத்தது. மணலோடும் சுண்ணாம்போடும் அதைச் சேர்த்து உருக்கினால், பட்டை தீட்டவும் செதுக்கவும் தோதான கடினக் கண்ணாடி வரும். இங்கிலாந்தில் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1670களில் ஈயம் சேர்த்துச் செய்தது வேறு ரகம். மென்மையானது, மினுக்கு அதிகம். 1724இல் பக்கத்து ப்ராஹென் கிராமத்தில் யோசெஃப் பால்மே சரவிளக்கு செய்ய உரிமம் பெற்றார். 1856இல் தொடங்கிய கண்ணாடிப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1945க்குப் பிறகு இந்த ஊரின் ஜெர்மன் மொழிக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தொழில் தெரிந்த குடும்பங்கள் பல அவர்களோடு போயின.

ஊரின் அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது ‘மரியா தெரேசா’ வகை விளக்கின் கீழே. 1743இல் ப்ராக் நகரில் பொஹீமிய அரசியாக முடிசூடியவரின் பெயர் அதற்கு. தூரத்தில் பார்த்தால் கிளைகள் முழுக்கக் கண்ணாடி. நேர் கீழே போய் அண்ணாந்து பார்த்தால்தான் வேலை புரிகிறது. பாரம் தாங்குவது தட்டையான உலோகப் பட்டை. அதன்மேல் கண்ணாடிப் பட்டைகளைப் பொருத்தி, இணைப்புகள் தெரியாமல் கண்ணாடிப் பூக்களை வைத்து மறைத்திருக்கிறார்கள். தேரின் மரச்சட்டத்தைத் தொம்பைகள் மறைப்பதுபோல. எனக்கு அந்தத் தந்திரம் பிடித்திருந்தது. பிடிக்காதது, மெழுகுவத்தி இருந்த கிண்ணங்களில் சுடர் வடிவ மின்பல்புகளைச் செருகியிருந்தது. சுடர் அசைய அசையத்தான் பட்டை தீட்டிய கண்ணாடி மினுங்கும். அசையாத பல்பு கண்ணைக் கூசவைக்கிறது, அவ்வளவுதான்.

உலோகம் ஒளியாமல் நிற்கும் விளக்கு பார்க்க வேண்டுமென்றால் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனுக்குப் போகலாம், நுழைவு இலவசம். 1751இல் பாரிசில் ஷாக் காஃபியேரி செய்த வெண்கலச் சரவிளக்கு அங்கே இருக்கிறது. கண்ணாடித் தொங்கல் ஒன்றுகூட இல்லை. கொடிகள் தாமாக வளைந்து முளைத்தது மாதிரி, எல்லாம் பொன் பூசிய வெண்கலம். அந்தக் காலத்துப் பொன்பூச்சு கொடிய வேலை. தங்கத்தைப் பாதரசத்தோடு குழைத்துத் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த பூச்சுக்காரர்களுக்குக் கை நடுங்கும், பல் விழும், பலரின் ஆயுள் குறுகிப் போனது. பூச்சு மட்டும் இரண்டரை நூற்றாண்டு தாண்டியும் கெடவில்லை.

பழைய விளக்கு வாங்க ஆசைப்படுபவர்கள் தொங்கல்களின் மினுக்கில் மயங்காமல், முதலில் சட்டத்தைப் பாருங்கள். மின்கம்பி இழுக்கப் பிற்காலத்தில் துளை போட்டிருக்கிறார்களா, கிளை உடைந்து ஒட்டவைத்ததா என்று தடவிப் பார்க்க வேண்டும். உடைந்த தொங்கலுக்கு மாற்று கிடைக்கும். ஷெனோவில் இன்றும் சரவிளக்கு செய்கிறார்கள். பழைய சட்டத்துக்கு மாற்று தேடுவதுதான் பெரும்பாடு.