விலாசம் மாறிப் போச்சு!

அம்பத்தூர்ல இருந்து அண்ணனூருக்கு வீடு மாத்தினோம். ரயில்ல பார்த்தா நடுவுல திருமுல்லைவாயல் ஒண்ணுதான். "ரெண்டு ஸ்டேஷன் தள்ளி... லெட்டர் வராமயா போயிடும்?"னு அலட்சியமா இருந்தேன். கேஸ், பேங்க், ஆதார்னு அலைஞ்சதுல தபாலை மறந்தே போனேன்.

ஞாபகப்படுத்தினது அப்பாதான். "பின்கோடு மாறிடுச்சேடா"ன்னார். 1972 ஆகஸ்ட் 15-ல வந்த சமாச்சாரம் இந்த பின்கோடு. ஆறு இலக்கத்துல முதல் மூணு (நமக்கு 600) தபாலைப் பிரிக்கிற மாவட்டம். கடைசி மூணுதான் நம்ம வீட்டுக்குப் பட்டுவாடா பண்ற போஸ்ட் ஆபீஸ். அது மாறினா போஸ்ட்மேனும் மாறிடுவார்.

நான் ஒரு அசடு, புது ஏரியா போஸ்ட் ஆபீஸ்ல போய் நின்னேன். "பழைய ஏரியாவுல எழுதிக் கொடுங்க சார், லெட்டர் அங்கதானே வரும்?"னு சிரிச்சாங்க. நியாயம்தானே! வெள்ளைத்தாள்ல பழைய விலாசம், புது விலாசம், யார் யார் பேருக்கு வர்ற தபால்னு எழுதி, அவங்கவங்க கையெழுத்து. அப்பா படுக்கையில இருந்தபடியே கை நடுங்கப் போட்டார்.

கூரியருக்கு அந்தக் கடுதாசி செல்லாது. ஆன்லைன்ல வாங்கின மிக்ஸி ஜார் பழைய வீட்டுக்கே போய், ஹவுஸ் ஓனர் அம்மா "வந்து எடுத்துட்டுப் போப்பா"ன்னு போன் பண்ணாங்க. தப்பு என் மேலதான், பழைய விலாசத்தை மாத்தவே இல்லை. பாஸ்போர்ட் இன்னும் கறார். விண்ணப்பத்துல இருக்கற விலாசத்துக்குத்தான் ஸ்பீட் போஸ்ட்ல வரும். ஆள் இல்லைன்னா பாஸ்போர்ட் ஆபீசுக்கே திரும்பிடும்.

ரெண்டு மாசத்துல அப்பா போயிட்டார்.

காரியமெல்லாம் முடிஞ்ச வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்துது, அப்பா பேருக்கு. அம்பத்தூர் விலாசத்தை அடிச்சுட்டு, பக்கத்துல பேனாவுல அண்ணனூர். அப்பாகூட வேலை பார்த்து, ரிடையர் ஆனதும் சொந்த ஊருக்கே போயிட்ட நண்பர். "முட்டிவலி எப்படி இருக்கு? போன லெட்டருக்கு பதிலே காணோமே"ன்னு எழுதியிருந்தார்.

யார் யாருக்கோ போன் பண்ணிச் சொன்னோம். போன் நம்பர் இல்லாத இந்த ஒருத்தரை விட்டுட்டோம். தபாலைத் திருப்பி விடறதுங்கறது கைமாத்து வாங்கற மாதிரிதாங்க. கொஞ்ச நாள் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். அதுக்குள்ள நமக்கு எழுதறவங்களுக்கு நாமதான் சொல்லியாகணும்.

நேத்து ராத்திரி பதில் எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர் இடத்துல புது விலாசத்தை பின்கோடோட முழுசா எழுதிட்டேன். உள்ளே "அன்புள்ள மாமாவுக்கு"ன்னு ஒரு வரி.

அதுக்கு மேல இன்னும் எழுத வரலை...