வாலியர் வீட்டுக்கு எந்த மாவட்டம்?

ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பீமன் அருவியில் குளிப்பார்கள், கோமுட்டேரியில் படகு விடுவார்கள், காவலூர் வானாய்வகத்தை எட்டிப் பார்ப்பார்கள். அதற்கப்புறமும் வெயில் மிச்சமிருந்தால்தான் கீழ்செப்பிளிக்குப் போவார்கள். அங்கே இருப்பதைக் 'குள்ளர் குகை' என்று யாரோ சொல்லி வைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. போய்ப் பார்த்தால் குகை எதுவும் கண்ணில் படாது. பாறைமேட்டில், கல்லால் கட்டிய சின்னச் சின்ன அறைகள்தான் நிற்கின்றன. மலைக்காரர்கள், தங்களுக்கு முன்னே இங்கு வாழ்ந்ததாகச் சொல்லும் வாலியரின் பெயரால், வாலியர் வீடு என்பார்கள். தொல்லியல் துறையினர் கற்திட்டை என்பார்கள்.

கிட்டே உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை அது. கருங்கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து, சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்போ மண்சாந்தோ வைத்துப் பூசவில்லை. கல்லின் கனமே கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட திட்டைகளில் ஒரு பக்கப் பலகையில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள்; இடுதுளை என்று பெயர். வளர்ந்த ஆள் அதற்குள் புகுவது கஷ்டம். குள்ளர் கதை அங்கேதான் பிறந்திருக்கும்: வாசல் இத்தனை சிறிதென்றால் குடியிருந்தவரும் சிறியவராகத்தானே இருக்க வேண்டும்!

குடியிருந்தவர் எவருமில்லை. இவை இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள். இறந்தவரின் எலும்புகளைச் சேர்த்து, பானையும் இரும்புக் கருவியும் கூட வைத்து எழுப்பியவை. பின்னாளில் எலும்பு சேர்க்கவோ படையல் வைக்கவோ அந்தத் துளை பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. தமிழகத்தில் இரும்புக்காலம் எப்போது தொடங்கியது என்ற கணக்கே இப்போது பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள்.

எனக்கு இந்தக் கல்வீடுகளில் வயதைவிட மூடுகல்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு குடும்பத்து ஆண்கள் மட்டும் சேர்ந்து அதைத் தூக்கியிருக்க முடியாது. பாறையைப் பிளக்க ஆள், இழுக்க ஆள், அத்தனை பேருக்கும் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். எந்த ஊர் வர வேண்டும், எந்த ஊருக்கு முறை இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும். இந்த மலையில் ஊர்களைக் கூட்டி ஒரு காரியம் செய்ததற்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய சாட்சி இந்தக் கற்கள்தான்.

எழுத்துச் சாட்சிக்கு மலையடிவாரம் இறங்க வேண்டும். மலைபடுகடாமின் பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். அந்தப் பாட்டிலேயே கூத்தர் போகும் வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் வருகின்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் செங்கம் வட்டாரத்தில் இன்றும் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. எடுத்தனூர்க் கல் எல்லாரும் அறிந்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காத்துச் செத்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்டது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லை வீரக்கதையாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். மேலே பல்லவ அரசன், அவனுக்குக் கீழே வாணகோ அரைசர், அவர் உறவினர், அவர்களிடம் இருந்த சேவகன், கடைசியில் நாய் என்று ஒரு வட்டாரத்தின் அதிகார ஏணி முழுவதும் அதில் இருக்கிறது. அந்த ஏணிக்கு மண்ணிலும் படிகள் உண்டு: தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றான பல்குன்றக் கோட்டம், அதற்குள் நாடுகள், நாட்டுக்குள் ஊர்கள். பிறகு சம்புவராயர் வந்து கிழக்கு அடிவாரத்துப் படைவீட்டில் தலைநகர் வைத்தார்கள். விஜயநகரம் அதே படைவீட்டின் பெயரால் ஒரு ராஜ்யம் வகுத்தது. வெள்ளைக்காரன் வட ஆற்காடு என்றான். அது 1989இல் இரண்டானது. 2019இல் அதில் ஒரு பாதியான வேலூர் மறுபடி மூன்றானது.

விளைவு, ஒரே மலை இன்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட 11 ஊராட்சிகள் திருவண்ணாமலையில். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூன்றும் திருப்பத்தூரில். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகியவை வேலூரில், அடிவாரத்து அணைக்கட்டு ஒன்றியத்தோடு. கோட்டம் போய்விட்டது, ராஜ்யம் போய்விட்டது. நாடு மட்டும் ஊராட்சிப் பலகையில் பெயின்ட் எழுத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1894இல் சட்டம் போட்டு உண்டாக்கிய கிராமப்புற மாவட்டங்களை 1974இல் ஒரே நாளில் கலைத்தார்கள். தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த பாரிஷ் அதற்கும் தப்பி நின்றது. மேலே உள்ள கோடுகளை அதிகாரி அழிக்கலாம். கல்யாணம், சாவு, திருவிழா, பஞ்சாயத்து எல்லாம் எந்த எல்லைக்குள் நடக்கிறதோ அதை அழிப்பது சிரமம்.

அதிகாரி போடும் கோடு, மாவட்டத்துடையதோ வனத்துடையதோ, வெறும் காகிதச் சமாசாரமும் அல்ல. 2023 மே மாதம் வேலூர்ப் பக்கத்து அல்லேரி மலைக்கிராமத்தில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் நிற்க, தாய் உடலைக் கையில் சுமந்து மலையேறினாள். அப்போது சாலை இல்லை. காட்டுக்குள் சாலை என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

மலையில் பெரும்பான்மையோர் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். வட ஆற்காடு கையேட்டிலிருந்து எட்கர் தர்ஸ்டன் 1909இல் எடுத்துத் தந்த கதை இது: கங்குந்தி வேடர்கள் காரைக்காட்டு வேளாளர் வீட்டுப் பெண்கள் எழுவரைத் தூக்கிப் போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று எண்ணிக் காரியம் செய்துவிடுங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் நீந்தி ஊர் திரும்பிவிட்டன. வேடரை வென்று வந்தவர்களை, கருமாதி முடிந்தவர்கள் என்று சாதி தள்ளி வைத்தது. அவர்கள் வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள். அடிவாரத்தில் ஒரு நாய் நின்றதால் கல்லில் ஏறியது. கதையில் ஏழு நாய்கள் ஓடி வந்ததால் ஒரு சமூகமே பிறந்தது.

இந்தக் கதை கல்வீடுகளுக்கு நல்லது செய்யவில்லை. நாங்கள் பிறகு வந்தவர்கள், அந்த வீடுகள் வாலியருடையவை என்று ஆகிவிட்டது. யாருடைய முன்னோரும் உள்ளே இல்லை என்றால் விளக்கேற்ற ஆளில்லை. புதையல் தேடி மூடுகல்லைப் புரட்டுவதும், பலகையைப் பெயர்த்து வாசல்படிக்குக் கொண்டு போவதும் தமிழகத்துக் கற்திட்டைகள் பலவற்றின் கதி.

கற்திட்டையைவிடப் பழைய பொருள்களோ இதே மலையில் பத்திரமாக இருக்கின்றன. வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடாரிகள்: ஒரு முனை கூம்பி, மறுமுனை கூராக, கைக்கு அடக்கமாக. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தபோது வெளிவந்த அதே பண்பாட்டைச் சேர்ந்தவை. உழும்போது கிடைத்தவற்றை மலைமக்கள் மரத்தடியிலும் கோயிலிலும் சேர்த்து வைத்து, மஞ்சள் குங்குமமிட்டுச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். இதில் நகரத்தார் சிரிக்க எதுவுமில்லை. ஐரோப்பியக் குடியானவர்கள் இதே கோடாரிகளை இடி விழுந்த கல் என்று நம்பி, மின்னல் தாக்காதிருக்கக் கூரையில் செருகி வைத்தார்கள். அதனாலேயே பல பிழைத்தன.

கீழ்செப்பிளிக்கு வேலி போடத் தொல்லியல் துறை வரலாம், வனத்துறை வரலாம். வேலி ஒரு மழைக்காலம் தாங்கும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 தேதிகளில் கூடுகிறது. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் நடுவில், இன்ன பாறையில் இத்தனை வாலியர் வீடு இருக்கிறது, இது எங்கள் ஊர்ப் பொதுச்சொத்து என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட எந்த மாவட்டத்தின் உத்தரவும் தேவையில்லை. மலையின் ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் அதைச் செய்யலாம்.