வேலியோர இலையும் மலைமேல் மிளகும்

பெருந்துறையில் இறங்கிச் 'சானடோரியம்' எங்கே என்று வினவினால், சிறுவர்களும் வழி காட்டுவர். கொங்கு நாட்டின் வறண்ட காற்றை நம்பிக் காசநோயாளரைத் தங்கவைத்துப் பேணிய வளாகம் அது. இன்று அங்கே அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. பழைய பெயர் மட்டும் மக்கள் நாவை விட்டு அகலவில்லை. என்புருக்கி நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய அந்நோய்க்கு வெயில், நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்பனவே ஒரு காலத்தில் சிகிச்சையாயிருந்தன. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர் வீட்டிலிருந்தே குணமடைவர் என்பதை 1959இல் உலகிற்குக் காட்டியது. அதன்பின் சானடோரியங்களின் காலம் மெல்ல முடிந்தது.

சானடோரியத்திற்குச் செல்ல வசதியற்றவர்கள் என்ன செய்தனர்? சாலையோரத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே சென்றால் விடை கிடைக்கும். கிளுவை வேலிகளுக்கிடையே ஆங்காங்கே கரும்பச்சை இலையும் வெண்ணிறப் பூவுமாய் நிற்பது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் இப்பெயர் என்பர். அத்தனை கசப்பு! இருமலுக்கும், சளியில் இரத்தம் கண்டாலும் இவ்விலையைக் கஷாயமிட்டுக் கொடுப்பது நம் நாட்டு வைத்தியம்.

இந்தக் கசப்பு என்னவென்று ஆராய்ந்தவரைத் தேடினால் கதை நம்மை நீலகிரிக்கு அழைத்துச் செல்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கு ஏறினோம். மலேரியாவுக்கான கொயினாவை எடுப்பதற்காகச் சின்கோனா மரங்களை வளர்த்த அம்மலையில், டேவிட் ஹூப்பர் என்பார் அரசாங்க இரசாயன நிபுணராக இருந்தார். மரப்பட்டையோடு நில்லாமல் நாட்டு மூலிகைகளையும் ஆய்ந்த அவர், 1888இல் ஆடாதோடையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே வாசிசின். அவ்வாசிசினின் அமைப்பைத் தழுவிப் பிற்காலத்தில் மேனாட்டில் செய்யப்பட்டவையே புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் என்னும் சளி மருந்துகள். நம் வேலியோர இலை இருமல் மருந்துப் புட்டியில் ஏறிய வழி இது!

இந்த இரு மருந்துகளும் காசக் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக, ஆய்வகக் கண்ணாடிக் கலங்களில் நடத்திய சோதனைகளைக் கொண்டு 1996இல் கிரேஞ்சு, சினெல் ஆகிய இருவர் எழுதினர். அம்ப்ராக்சால் ரிபாம்பிசின் மருந்துக்குத் துணை நிற்பதாக 2018இல் எலிகளில் கண்டனர். கண்ணாடிக் கலத்திலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதனுக்கும் உள்ள தூரம் பெரிது என்பதை வாசக அன்பர்கள் மறத்தலாகாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காங்கயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் சந்தித்த குடும்பத்தில், தலைவர் இரண்டு மாதம் மாத்திரை உண்டார், இருமல் நின்றது, "இனி இலைக் கஷாயமே போதும்" என்று நிறுத்திவிட்டார். ஆறு மாத சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதற்கு. எஞ்சிய மாதங்கள் ஒளிந்திருப்பவற்றிற்கு. இடையில் விட்டால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும். அவருக்கு நோய் திரும்பியது. அவ்வில்லத்தின் அம்மையார் அடுப்படியில் நின்று, "இலை என்ன தப்புங்க பண்ணுச்சு?" என்று கேட்டார். இலை தவறு செய்யவில்லைதான்.

இலைக்கு ஒரு துணை உண்டு. அதைக் காணக் கொங்கின் கிழக்கு விளிம்பிலுள்ள கொல்லிமலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறினோம். மேலே சில்வர் ஓக் மரங்களைப் பற்றிப் படர்ந்திருந்தது மிளகுக் கொடி. ஆடாதோடையுடன் திப்பிலி சேர்த்தால் அதன் குணம் மிகுவதை, போஸ் என்னும் வங்காள மருத்துவர் 1929இலேயே குறித்திருந்தார். அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு, நம் மருந்துகள் பலவற்றில் சுக்கு, மிளகு, திப்பிலி ஏன் சேர்கின்றன என்று ஜம்மு ஆய்வகத்தில் அடல் குழுவினர் ஆராய்ந்தனர். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்னும் காரச் சத்து, பிற மருந்துகள் உடலில் சேர்வதை மிகுவிப்பதைக் கண்டனர். அதன் பயனாக 2009இல் இந்தியாவில் வெளிவந்தது ரிசோரின் என்னும் காசநோய் மருந்து. வழக்கமான 450 மில்லிகிராம் ரிபாம்பிசினுக்குப் பதில் அதில் 200 மில்லிகிராமே உண்டு. உடன் ஐசோநயசிட் 300, பைப்பரின் 10. கிருமியைக் கொல்வது ரிபாம்பிசினும் ஐசோநயசிட்டுமே. மிளகுச் சத்து அவற்றிற்குத் தோள் கொடுக்கிறது. அளந்து சேர்த்த அந்தப் பத்து மில்லிகிராமுக்கு இரசத்தில் இடும் மிளகு ஈடாகாது.

நாம் போயிருந்தது அறுவடைக் காலம். வீட்டு முற்றங்களில் பாய் விரித்துப் பச்சை மிளகை உலர்த்தியிருந்தனர். வெயில் ஏற ஏறக் கறுத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது. காங்கயத்துக் குடும்பத்திற்கென்று கால் கிலோ வாங்கிக்கொண்டோம். மாவட்டக் காசநோய் மையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரைகளை அவர் இப்போது மீண்டும் உண்டு வருகிறார். அம்மையார் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் சுழித்து வைக்கிறார்.