தூங்காமலும் சோர்வடையாத பிள்ளை



மக்தபில் பெற்றோரிடமிருந்து நான் மிகுதியாகக் கேட்கும் முறையீடு, "ஹஜ்ரத், இவன் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்" என்பதுதான். பெரும்பாலும் அது வயதுக்குரிய துடுக்கு. சிலரிடம் அது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு. மிகச் சிலரிடமோ பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு. ஓயாத பேச்சு, பொறுமையின்மை, சினம், கவனச் சிதறல் ஆகியவை இவ்விரு கோளாறுகளிலும் உண்டு. எது என்று தீர்மானிப்பது மனநல மருத்துவரின் பொறுப்பு. ஆயினும் ஒரு பிள்ளையை நாள்தோறும் காண்பவர்கள் நாம். அவரோ அரைமணி நேரம்தான் காண்கிறார்.

என்னிடம் ஓதிய இருவரைச் சொல்கிறேன். காயிதா ஓதிய ஏழு வயதுச் சிறுவன் பலகையைத் தட்டுவான், தொப்பியைத் தொலைப்பான், பாதி ஆயத்தில் எழுந்துவிடுவான். நேற்றும் அப்படித்தான், சென்ற ஆண்டும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அதே நிலை. ஏ.டி.எச்.டி.யின் இயல்பு இதுவே. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், 6 மாதங்களேனும் நீடிக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல்.

மற்றவன் ஹிஃப்ழ் வகுப்பில் இருந்த பதினான்கு வயது மாணவன், அமைதியானவன். ஒரு ஷஃபான் மாதத்தில் திடீரென மாறினான். இரவில் இரண்டு மணி நேரமே உறங்கினான். சுபுஹுக்கு முன்பே புத்துணர்ச்சியோடு எழுந்து ஓதினான். எஞ்சிய இருபது ஜுஸ்உகளைப் பத்தே நாளில் மனனம் செய்துவிடுவேன் என்றான். ஆலிம்கள் தன்னிடம் பாடம் கேட்க வேண்டும் என்றான். ஊரில் சிலர் பரக்கத் என்றனர், சிலர் ஜின் என்றனர். சில வாரங்களில் பாயைவிட்டு எழாமல், உம்மாவோடும் பேசாமல் அழுதுகொண்டிருந்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது தூக்கம். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை உறங்கத் தாமதித்தால் மறுநாள் சோர்வான், சிணுங்குவான். மிகையெழுச்சியில் இருப்பவனுக்கோ தூக்கமே தேவைப்படுவதில்லை. அந்நிலை ஏறக்குறைய நாள் முழுவதும், ஒரு வாரமேனும் நீடிக்கும், பிறகு விலகும், மீண்டும் வரக்கூடும். அளவுகடந்த தற்பெருமையும் அதனோடு சேர்ந்துவரும்.

இதைப் படித்துவிட்டு, கோபக்காரப் பிள்ளைக்கெல்லாம் பைபோலார் என்று பெயரிட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 1994–95க்கும் 2002–03க்கும் இடையே சிறார்களுக்கு இந்நோயின் பெயரால் நடந்த மருத்துவச் சந்திப்புகள் ஏறத்தாழ 40 மடங்கு பெருகின. வந்துபோகாமல் எப்போதும் எரிந்துவிழும் பிள்ளைகள் பலரும் அதில் சேர்க்கப்பட்டனர். அதனால் 2013இல் அத்தகைய பிள்ளைகளுக்கெனத் தனியொரு பிரிவையே வகுக்க நேர்ந்தது. பெயர் மாறினால் மருந்தும் மாறும். ஏ.டி.எச்.டி.க்கான ஊக்க மருந்து, பைபோலார் உள்ள சில பிள்ளைகளிடம் எழுச்சியைத் தூண்டக்கூடும். ஆகவே இரண்டும் சேர்ந்திருந்தாலும் முதலில் மனநிலையை நிலைப்படுத்துவதே மருத்துவர்களின் வழக்கம்.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு குறிப்பேட்டில் உறங்கிய நேரம், எழுந்த நேரம், அன்றைய மனநிலை ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஆனால் எழுச்சி முற்றியிருந்தால் குறிப்பேடு நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். மரணத்தை விரும்பிப் பேசினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் எந்நேரமும் இயங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. பைபோலார் குடும்பவழி வருவது மிகுதி. மருத்துவர் அதைக் கேட்கும்போது, மூத்தவளின் நிக்காஹ் தடைபடுமோ என்றஞ்சிப் பாட்டனாரின் நோயை மறைப்போர் நம்மில் உண்டு. அந்த மறைப்பின் விலையைப் பிள்ளை கொடுக்கிறான். துஆவும் ஓதிப் பார்த்தலும் தொடரட்டும்; மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களும் ஏவியிருக்கிறார்களே!

அம்மாணவன் இப்போது லித்தியம் உட்கொள்கிறான். உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தாக உயரக்கூடும். ஆகவே ரமழானுக்கு முன்பே அவனுடைய அத்தா மருத்துவரிடம் கேட்டார். இவ்வாண்டு நோன்பு வேண்டாம் என்றார் அவர். மார்க்கம் நோயாளிக்குத் தந்த சலுகையை நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். இரவுப் பாடத்தை நிறுத்திவிட்டோம். காலையில், நன்கு உறங்கி எழுந்தபின், அரைப் பக்கம் மனனம் செய்கிறான்.