கேட்கக் கற்றவர்

இருபது ஆண்டுகள் வழக்காடியவர் அவர். சாட்சியின் சொல்லில் சிறு முரண் தென்பட்டாலும் அடுத்த வினாவிலேயே அதை வெளிக்கொணர்ந்து விடுவார். அத்தகைய வழக்குரைஞர் சமரசர் பயிற்சிக்கு வந்த முதல் நாளன்று, பயிற்சி அளித்த அம்மையார் எளிய பணி ஒன்றைத் தந்தார். அருகில் அமர்ந்திருப்பவர் மூன்று நிமிடம் தம் மனக்குறையைக் கூறுவார். இடைமறிக்காமல் கேட்டு, கேட்டதை அவரிடமே திருப்பிக் கூற வேண்டும். வழக்குரைஞரால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை. "இதற்குச் சான்று உண்டா?" என்று கேட்டுவிட்டார். உடனிருந்தோர் நகைத்தனர், அவரும் நகைத்தார். ஆயினும், தம் வாழ்நாளில் எவரையேனும் முழுமையாகக் கேட்டதுண்டா என்னும் ஐயம் அன்றிரவு அவரை உறங்கவிடவில்லை.

பிணங்கியவரை அமர வைத்துப் பேசும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆனால், மரத்தடியில் ஊர்ப் பெரியவர் கூறியதே முடிவாக இருந்தது. சமரச மையத்தில் முடிவு தரப்பினருக்கே உரியது. குடும்ப வழக்குகளில் இயன்றவரை இணக்கத்திற்கு முயல வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் நீதிமன்றத்தின் கடமையாக்கியது. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கப்பெற்றது. சமரசர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி வகுக்கப்பட்டது. அங்கே பேசப்படுவனவற்றின் மறைபொருள் காக்கப்படுவதை 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டமும் வலியுறுத்துகிறது.

பயிற்சியின் மூன்றாம் நாள், நடித்துப் பழகும் பாடம். இருவர் பிரிந்து வாழும் கணவன் மனைவியாக நடித்தனர், வழக்குரைஞர் சமரசரானார். "ஞாயிறுதோறும் மகள் என்னோடு தங்க வேண்டும்" என்றார் கணவர். "ஓர் இரவுகூட அனுப்பமாட்டேன்" என்றார் மனைவி. தனி அமர்வில் மனைவியின் குரல் தணிந்தது. மகளுக்கு இழைப்பு நோய் இருந்தது. நள்ளிரவில் மூச்சு முட்டினால் எந்த மருந்தை எப்படித் தருவது என்பதைக் கணவர் அறியார். அதுவே தம் அச்சம் என்றார்.

வழக்குரைஞர் மகிழ்ந்தார், முடிச்சு கிடைத்துவிட்டது! கணவரிடம் விரைந்து சென்று, "மருந்து தரக் கற்றுக்கொள்ளுங்கள், சிக்கல் தீர்ந்தது" என்றார்.

பயிற்சியாளர் கையுயர்த்தி நிறுத்தினார். "அந்த அச்சத்தை வெளியிட அவர் இசைவு தந்தாரா? தீர்வைக் கூறியவர் யார்?"

வழக்குரைஞர் தலைகவிழ்ந்தார். தனி அமர்வில் ஒருவர் நம்பி உரைத்ததை, அவர் இசைவின்றி மற்றவரிடம் எடுத்துச் சென்றது ஒரு பிழை. இருவரும் தாமே கண்டடைய வேண்டிய வழியைத் தாம் முந்திக்கொண்டு காட்டியது மற்றொரு பிழை. 'அனுப்பமாட்டேன்' என்பது நிலைப்பாடு. அதன் அடியில் இருப்பது குழந்தையின் மூச்சைப் பற்றிய கவலை. நிலைப்பாடுகள் மோதிக்கொள்ளும், கவலைகளோ சில வேளைகளில் ஒன்றாகவே இருக்கும். அதனை அவர்களே உணரும்வரை பொறுத்திருப்பதுதான் சமரசரின் பணி.

எல்லாப் பிணக்கும் பேச்சால் தீர்வதன்று என்பதையும் அப்பயிற்சி உணர்த்தியது. அடிக்கு அஞ்சி ஒருவர் தரும் இசைவு இசைவாகாது. அச்சம் குடியிருக்கும் வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு. அதைக் கண்டறியாத சமரசர் அநீதிக்குத் துணைபோனவர் ஆவார்.

பயிற்சி முடித்து அவர் ஏற்ற முதல் வழக்கில் உடன்பாடு எட்டவில்லை. நான்கு அமர்வுகளுக்குப் பின்னும் அக்கணவனும் மனைவியும் பிரியவே விழைந்தனர். மகன் அதே பள்ளியில் தொடர்ந்து படிக்க வேண்டும் என்ற ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துக் கையொப்பமிட்டனர். வழக்கு நீதிமன்றத்திற்கே திரும்பியது. வெற்றி தோல்வியை எண்ணியே பழகிய அவர் மனம் சோர்ந்தது.

அப்போது, புறப்பட்ட சிறுவன் தன் தண்ணீர்க் குடுவையை மறந்து சென்றதைக் கணவர் கண்டார். அதை எடுத்துச் சென்று மனைவியிடம் நீட்டினார். "மூடி சரியாக இல்லை, பார்த்துக்கொள்" என்றார். "சரி, மாற்றிவிடுகிறேன்" என்றார் அவர். பல மாதங்களுக்குப் பின் இடையில் எவருமின்றி அவ்விருவரும் பேசிக்கொண்ட சொற்கள் அவை. வழக்குரைஞர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.