யாத்திரை ரயிலில் கீழ்ப் படுக்கை யாருக்கு?

 

ஆறுபடை வீடு யாத்திரைக்குப் பெயர் பதிவு ஆரம்பிச்ச நாளிலிருந்து என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "அண்ணே, ரயிலில் எந்த கிளாஸ்? ஏர்கோன் உண்டா? காசு கூடக் கொடுத்தா நல்ல சீட் கிடைக்குமா?" தனித்தனியா பதில் எழுதி விரல் வலிக்குது. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து குளிச்சிட்டு உட்கார்ந்து, எல்லாத்தையும் இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான். முதல் தடவை வர்றவங்க கண்டிப்பா படிங்க.

நம்ம ஊர் ரயிலை மனசில் வச்சுக்கிட்டு இந்தியா ரயிலைப் பார்க்காதீங்க. இங்கே இடிஎஸ்ஸில் கோல்ட், பிளாட்டினம்னு வாங்கினாலும் எல்லாரும் உட்கார்ந்துதான் போறோம். அதில் பெரிய வித்தியாசம் ரயில் எத்தனை ஸ்டேஷனில் நிக்குதுங்கறதுதான். அதிகம் போனா, பின்பக்கம் பார்த்த சீட் கிடைச்சு சில பேருக்குத் தலை சுத்தும். பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தா சரியாயிடும். இந்தியாவில் ராத்திரி ரயிலில் கிளாஸ்னா வேற விஷயம். நீங்க எப்படிப் படுப்பீங்க, எத்தனை அடி ஏறிப் படுப்பீங்க, ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்ரூம் போகணும்னா எப்படி இறங்குவீங்க, இதெல்லாம் டிக்கெட் வாங்கும்போதே முடிவாயிடுது.

நம்ம திட்டம் இதுதான். சென்னையில் இறங்கி முதல்ல திருத்தணி. திரும்பி வந்து ராத்திரி ரயிலில் மதுரை. திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கு. அப்புறம் திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை எல்லாம் பஸ்தான். ஆகவே ரயில் ஒரே ஒரு ராத்திரி. சென்னையிலிருந்து மதுரை சுமார் 490 கிலோமீட்டர். பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி ரயிலில் சாப்பிட்டு ஏறினா விடிகாலையில் மதுரை. பகலில் வந்தே பாரத்தும் வைகையும் இருக்கே, உட்கார்ந்தே போகலாமேன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. படுக்கையில் ஏற முடியாதவங்களுக்கு சேர் கார் நல்லதுதான். ஆனா நமக்கு ஒரு பகல் போயிடும், ஒரு ராத்திரி ஹோட்டல் செலவும் கூடும். முதியோர் மட்டும் போற குழுவா இருந்தா நான் பகல் ரயிலைத்தான் சொல்வேன்.

இப்ப கிளாஸ் விஷயத்துக்கு வருவோம். ஸ்லீப்பர்னா ஏர்கோன் இல்லை, ஜன்னல் திறந்து காத்து வரும். ஒரு பக்கம் மூணு அடுக்கு, எதிர்ப்பக்கம் மூணு அடுக்கு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஓரத்தில் ரெண்டு. ஆக ஒரு தடுப்புக்குள் 8 பேர். மூணு அடுக்கு ஏர்கோன், அதாவது 3ஏ, இதிலும் அதே 8 பேர்தான். ஜன்னல் மூடியிருக்கும், குளிரும், விரிப்பு, தலையணை, போர்வை கொடுப்பாங்க. ஸ்லீப்பர் டிக்கெட்டில் அந்தப் போர்வை சேர்ந்து வராது. ரெண்டு அடுக்கு ஏர்கோன், 2ஏ, இதில் நடு அடுக்கு கிடையாது. தடுப்புக்குள் 6 பேர், திரைச்சீலை உண்டு. 3ஏ விலை ஸ்லீப்பரை விட ரெண்டரை மடங்கு பக்கம் வரும். பயப்படாதீங்க, மதுரை தூரத்துக்கு அந்த வித்தியாசத்தை வெள்ளியில் கணக்குப் பார்த்தா இங்கே ரெண்டு பேர் வாழை இலை சாப்பாடு சாப்பிடுற காசுதான்.

பல பேர் ஏர்கோனைத்தான் பார்க்கிறாங்க. நான் பார்க்கிறது நடு அடுக்கை. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டலாம், அது விதி. மாட்டினதும் கீழே இருக்கிறவங்க நிமிர்ந்து உட்கார முடியாது, தலை இடிக்கும். படுத்தா மூச்சு முட்டுது, நெஞ்செரிச்சல் வருது, அடிக்கடி எழுந்து உட்காரணும்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்களுக்கு 2ஏயில் கீழ்ப் படுக்கைதான் சரி. அது ஆடம்பரம் இல்லை, மருந்து மாதிரி. மத்தபடி திடமா இருக்கிற ஒருத்தர் 2ஏ மேல் படுக்கைக்குக் கூடக் காசு கொடுக்கிறதில் எனக்கு அர்த்தம் தெரியலை. ஏறுற கம்பி எல்லா கிளாஸிலும் அதே சின்னக் கம்பிதான்.

டிக்கெட்டில் நம்பரைப் பார்த்தே படுக்கை தெரிஞ்சுக்கலாம். ஸ்லீப்பரிலும் 3ஏயிலும் 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 ஓரக் கீழ், 8 ஓர மேல். அடுத்த தடுப்பில் 9இலிருந்து அதே வரிசை. பெட்டி பெயரும் அப்படித்தான்: எஸ்னு ஆரம்பிச்சா ஸ்லீப்பர், பி 3ஏ, ஏ 2ஏ. எங்க ஃபேக்டரி ஸ்டோரில் ரேக் நம்பர் படிக்கிற மாதிரி, ஒரு தடவை பிடிச்சுக்கிட்டா மறக்காது. பெட்டியின் ரெண்டு கோடியிலும்தான் கழிவறை. ரொம்பப் பக்கத்தில் கிடைச்சா கதவு சத்தமும் வாசமும், ரொம்ப நடுவில் கிடைச்சா நடை. முட்டி வலி உள்ளவங்களுக்கு நான் வாசத்தையே தேர்ந்தெடுப்பேன்.

போன யாத்திரையில் நாங்க 22 பேர். அதில் 9 பேருக்குக் கண்டிப்பா கீழ்ப் படுக்கை வேணும். முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம். வசதி உள்ளவங்க 2ஏயில் வரட்டும், முடியாதவங்க ஸ்லீப்பரில் வரட்டும்னு ஒரு யோசனை வந்துச்சு. கேட்க நியாயமாத்தான் இருந்துச்சு. நான் ஒத்துக்கலை. ராத்திரியில் ஒருத்தருக்கு இனிப்பு நீர் குறைஞ்சு வேர்த்துக் கொட்டினா, நாலு பெட்டி தள்ளிப் படுத்திருக்கிற தொண்டூழியருக்கு எப்படித் தெரியும்? அதுவும் இல்லாம ஒரே முருகனைப் பார்க்கப் போற கூட்டத்தை ஏறும்போதே ரெண்டாப் பிரிச்சா, அது பழனி வரைக்கும் பிரிஞ்சேதான் நிக்கும். கடைசியில் எல்லாருக்கும் 3ஏன்னு முடிவாச்சு. பணம் கட்ட சிரமப்பட்ட நாலு பேருக்கு வித்தியாசத்தை மத்தவங்க பங்கு போட்டுக்கிட்டாங்க. யார் கொடுத்தா, யாருக்குக் கொடுத்தான்னு பட்டியல் போடலை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி மூலையில் உட்கார்ந்திருந்தாங்க. 71 வயசு, தோட்டத்தில் பால்மரம் வெட்டினவங்க, ரெண்டு முட்டியும் போச்சு. தாத்தா இருக்கும்போது வச்ச பழனி நேர்த்திக்கடன். "எனக்கு எங்க போட்டாலும் பரவாயில்லப்பா, நான் உட்கார்ந்துக்கிட்டே வந்துடறேன்"னு சொன்னாங்க. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் உட்கார இடமே இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரியாது. இந்த மாதிரி ஆளுங்க வாயைத் திறந்து கேட்க மாட்டாங்க. அதனாலதான் இந்தத் தடவை பதிவுத் தாளிலேயே முட்டி, இடுப்பு, சர்க்கரை, மூச்சு எல்லாத்துக்கும் கட்டம் போட்டிருக்கேன்.

டிக்கெட் எடுக்கிறதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே டிக்கெட்டில் 6 பேர் வரைக்கும் போடலாம். குழுன்னா எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. ஆனா 60 வயசு தாண்டின ஆண்களுக்கும் 45 தாண்டின பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு. அது தனியாகவோ, அந்த வயசுக்காரங்க ரெண்டு பேர் சேர்ந்தோ ஒரு டிக்கெட் எடுத்தாத்தான். ஆறு பேரோட சேர்த்துப் போட்டா அந்த ஒதுக்கீட்டில் வராது. அதனால சென்னை ஏஜெண்டிடம் சொல்லி அந்த 9 பேருக்கு மட்டும் ரெண்டு ரெண்டு பேரா, மிச்சம் ஒருத்தருக்குத் தனியா எடுத்தோம். 8 பேருக்குக் கீழ் கிடைச்சது. மூணு பேர் பக்கத்துப் பெட்டிக்குப் போயிட்டாங்க, அவங்களோட ஒரு தம்பியை அனுப்பினோம். ஒன்பதாவது ஆளுக்கு நடுப் படுக்கை. ஏறினதும் எதிரில் இருந்த மதுரைக்காரத் தம்பியிடம் கேட்டதும் மாத்திக் கொடுத்தார். கேட்டா பெரும்பாலும் கொடுப்பாங்க. ஆனா அதை நம்பி டிக்கெட் எடுக்கக்கூடாது.

கோயிலுக்கு நிறையச் செய்யிற ஒருத்தர், 58 வயசு, நல்ல திடகாத்திரம், தனக்குக் கீழ்ப் படுக்கை வேணும்னு பிடிவாதமா நின்னார். "நான் எவ்வளவு செஞ்சிருக்கேன்"னு கேட்டார். "அண்ணே, இது ஸ்பெஷல் தரிசன டிக்கெட் இல்லை"ன்னு சொன்னேன். ஃபேக்டரியிலும் இதே வழக்கம்தான். இடுப்பு வலிக்காரரைப் பாரம் தூக்குற லைனில் போடமாட்டேன், அவர் எவ்வளவு ஜூனியரா இருந்தாலும். அண்ணன் தன் காசில் 2ஏ எடுத்துக்கிட்டுப் போனார். திருச்செந்தூர் வரைக்கும் என்னோட பேசலை. இப்ப பேசுறார்.

இன்னும் சில விஷயம். ஆர்ஏசின்னு வந்தா ஏறலாம், ஆனா ஓரக் கீழ்ப் படுக்கையில் ரெண்டு பேர் உட்கார்ந்து பங்கு போட்டுக்கணும். வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்னுட்டா அந்த இணைய டிக்கெட் தானா ரத்தாகிப் பணம் திரும்பிடும், ஏற முடியாது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, முன்ன 120 நாள். அதனால "கடைசி நேரத்தில் பணம் கட்டறேன் அண்ணே"ங்கறது இனிமே நடக்காது. முதியோருக்குப் பாதி விலையான்னு கேட்டவங்களுக்கு: இந்தியாவில் அந்தச் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திட்டாங்க. கேடிஎம் கணக்கை அங்கே கொண்டு போகாதீங்க. அசல் பாஸ்போர்ட் ரயிலில் கையிலேயே இருக்கணும். பெரிய பெட்டி கீழ்ப் படுக்கைக்கு அடியில் நுழையாது, நடுத்தர அளவு போதும்.

பாட்டியைக் கேட்டீங்கன்னா, படுத்ததும் தூங்கினவங்கதான், மதுரை வர்றப்ப நான்தான் எழுப்பினேன். பழனியில் விஞ்சில் ஏத்தி விட்டோம். கடனை முடிச்சிட்டுப் பிரசாதத்தோட இறங்கி வந்தாங்க.

இந்தத் தடவையும் 3ஏதான். 2ஏ வேணும்னு டாக்டர் சொன்னவங்க தனியா எனக்கு மெசேஜ் போடுங்க, வேற யாருக்கும் தெரியவேண்டாம். பதிவுத் தாள் ஆலய அலுவலகத்தில் இருக்கு, வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் நானும் அங்கேதான் இருப்பேன். உடம்பு விஷயத்தை மறைக்காம எழுதுங்க. வயசானவங்க வீட்டில் இருந்தா அவங்களுக்குப் பதிலா பிள்ளைகள் எழுதுங்க, அவங்க எல்லாம் "ஒண்ணுமில்லை"ன்னுதான் எழுதுவாங்க.

வேலும் மயிலும் துணை.